புகைமூட்டமும் அப்பாவின் இடது கையும்

நலமா? – அக்காவின் பக்கம்



போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி என்னிடம் வந்தான். "அக்கா, புகைமூட்டம் வந்தா ஃபுட்சால் விளையாடப் போகாதேன்னு அம்மா தடுக்கிறாங்க. கொஞ்சம் இருமல் வரும், கண் எரியும், அவ்வளவுதானே? எங்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று கேட்டான்.

"இருமலோட நின்னா பரவாயில்லை தம்பி. புகை ஸ்ட்ரோக் வரைக்கும் கொண்டுபோய் விடும்" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். "ஸ்ட்ரோக் மூளையில வர்றது. புகை போறது நுரையீரலுக்கு. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

நியாயமான கேள்வி. தாதியர் பட்டப்படிப்புக்குப் போகும் வரை எனக்கும் இதற்குப் பதில் தெரியாது. பக்கவாத நோயாளிகள் இருக்கும் வார்டில் இத்தனை ஆண்டுகள் வேலை செய்த பிறகும், ஒரு நாள் என் வீட்டிலேயே அது நடந்தபோது எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அதையும் இந்த மாதம் எழுதுகிறேன். முதலில் தம்பியின் கேள்விக்கு வருவோம்.

பெயரிலேயே காற்று

மலாய்க்காரர்கள் ஸ்ட்ரோக்கை 'ஆங்கின் அஹ்மார்' என்பார்கள். ஆங்கின் என்றால் காற்று. அஹ்மார் என்றால் அரபு மொழியில் சிவப்பு. நாம் 'பக்கவாதம்' என்கிறோம். சித்த வைத்தியத்தில் வாதம் என்பதும் காற்றின் கூறுதான். அந்தக் காலத்துப் பெரியவர்கள் காற்று என்று சொன்னது உடம்புக்குள் ஓடுவதாக அவர்கள் நம்பிய காற்றை. வெளியே வீசும் காற்றை அவர்கள் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டு மொழியிலும் இந்த நோய்க்குக் காற்றின் பெயர் இருப்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான். ஏனென்றால் இன்றைய மருத்துவம் நாம் மூச்சில் இழுக்கும் காற்றையே கைகாட்டுகிறது.

பக்கவாதம் இரண்டு வகை. மூளைக்குப் போகும் இரத்தக் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது ஒன்று. குழாய் வெடித்து மூளைக்குள் இரத்தம் கசிவது இன்னொன்று. ஐந்தில் நான்கு பேருக்கு வருவது அடைப்புதான். அடைப்பு ஏற்பட்டு ஒவ்வொரு நிமிடமும் சுமார் 19 லட்சம் மூளை நரம்பணுக்கள் சாகின்றன என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வார்டில் நாங்கள் ஏன் நடக்காமல் ஓடுகிறோம் என்பது இப்போது புரிந்திருக்கும்.

புகை போகும் வழி

புகையில் நமக்கு மிகவும் ஆபத்தானது கண்ணுக்குத் தெரியாத நுண்துகள். பி.எம். 2.5 என்று செய்தியில் கேட்டிருப்பீர்கள். அதன் குறுக்களவு 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. நம் தலைமுடி ஒன்றின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். பெரிய தூசியை மூக்கு முடியும் சளியும் பிடித்துவிடும். தும்மினால் வெளியே வந்துவிடும். இந்தத் துகள் எதிலும் மாட்டாமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப் பை வரை போய்விடுகிறது. அந்தப் பையின் சுவருக்கு அடுத்த பக்கம் இரத்தம் ஓடுகிறது.

அங்கே போய்ச் சேர்ந்ததும் மூன்று காரியங்கள் நடக்கின்றன.

ஒன்று, நுரையீரல் அதைப் பகைவனாக நினைத்துச் சண்டைக்கு நிற்கிறது. அந்த அழற்சியின் இரசாயனங்கள் இரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகின்றன. இரத்தம் சீக்கிரம் உறையும் தன்மைக்கு வருகிறது.

இரண்டு, நரம்பு மண்டலம் பதற்றமாகிறது. இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன, இரத்த அழுத்தம் ஏறுகிறது, சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகிறது. அப்படித் துடிக்கும் இதயத்துக்குள் இரத்தம் தேங்கிக் கட்டியாகும். அந்தக் கட்டி கிளம்பி மேலே போனால் மூளை.

மூன்று, மிக மிக நுண்ணிய துகள்கள் இரத்தத்துக்குள்ளேயே நுழைந்து குழாயின் உட்சுவரைப் புண்படுத்துகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடந்தால் சுவரில் கொழுப்புப் படிவு தடித்துக்கொண்டே போகும்.

முதல் இரண்டும் சில மணி நேரத்தில், சில நாளில் நடப்பவை. மூன்றாவது பல ஆண்டு வேலை. புகைமூட்டம் சூழ்ந்த வாரத்திலும் ஆபத்து உண்டு, லாரிகள் ஓடும் சாலையோரத்தில் ஆண்டுக்கணக்காகக் குடியிருப்பதிலும் ஆபத்து உண்டு என்பதற்கு இதுவே காரணம்.

"எல்லாம் தியரிதானே அக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. 28 நாடுகளில் நடந்த 103 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2015-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்தது. அதில் அறுபது லட்சத்துக்கும் மேற்பட்ட நிகழ்வுகள் கணக்கில் வந்தன. ஒரு கன மீட்டர் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பக்கவாதத்தால் மருத்துவமனைக்கு வருவதும் இறப்பதும் சுமார் 1 சதவீதம் கூடுகின்றன என்று கண்டார்கள். ஒரு சதவீதம் என்றால் சின்னதாகத் தெரியும். ஓர் ஆளுக்கு அது சின்னதுதான். ஆனால் கிள்ளான் பள்ளத்தாக்கில் எண்பது லட்சம் பேர் ஒரே காற்றைச் சுவாசிக்கிறோம். புகைமூட்ட நாளில் துகள் பத்தோடு நிற்பதும் இல்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வைத்த வரம்பு ஆண்டுச் சராசரி 5 மைக்ரோகிராம், ஒரு நாளுக்கு 15. புகைமூட்டம் இல்லாத சாதாரண நாளிலேயே நம் நகரங்கள் அதைத் தாண்டிவிடுகின்றன.

நம் ஊர்ப் புகை

உங்களில் பலருக்கு 2019 நினைவிருக்கும். செப்டம்பரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை மூடினார்கள். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். எனக்குத் தெரிந்த பழைய புகைமூட்டங்கள் அதைவிட மோசம். 1997-இல் சரவாக்கில் அவசரகாலம் அறிவித்தார்கள். 2005 ஆகஸ்டில் போர்ட் கிள்ளானிலும் கோல சிலாங்கூரிலும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அங்கேயும் அவசரகாலம். 2013 ஜூனில் மூவார், லேடாங் முறை. அந்தக் குறியீட்டில் 50 வரை நல்லது, 100 வரை மிதம், 100-க்கு மேல் ஆரோக்கியமற்றது, 200-க்கு மேல் மிகவும் ஆரோக்கியமற்றது, 300-க்கு மேல் அபாயம்.

புகை எங்கிருந்து வருகிறது? பெரும்பகுதி சுமத்ராவிலும் கலிமந்தானிலும் எரியும் கரிச் சதுப்பு நிலத்திலிருந்து. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்கிய இலையும் மரமும் தண்ணீருக்குள் ஊறிக் கிடக்கும் நிலம் அது. செம்பனைக்கும் காகித மரத்துக்கும் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் நிலமே விறகாகிவிடும். மழை இல்லாத மாதத்தில் தீப்பிடித்தால் தரைக்கு அடியில் வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். கொழுந்துவிட்டு எரிவதைவிடக் கனலும் நெருப்புக்கே புகை அதிகம். தென்மேற்குப் பருவக் காற்று அதை நம் பக்கம் தள்ளிக்கொண்டு வருகிறது. 2002-இல் ஆசியான் நாடுகள் இதற்காக ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தோனேசியா அதை ஏற்று உறுதிசெய்தது 2014-இல்தான்.

எல்லாப் பழியையும் அக்கரையில் போட்டுவிட்டு நாம் தப்ப முடியாது. கிள்ளானில் ஜொஹான் செத்தியாவிலும் கரி நிலம் இருக்கிறது. அங்கே எரியும் நாளில் குறியீடு நாட்டிலேயே உச்சத்துக்குப் போயிருக்கிறது. தாமானில் சருகையும் குப்பையையும் கூட்டிக் கொளுத்துகிறவர் நம் வீட்டுக்காரராகவும் இருக்கலாம்.

அந்தக் காலை

இனி என் கதை. அப்பாவிடம் அனுமதி கேட்டேன். "எழுதும்மா, நாலு பேருக்கு உதவும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஆலய வாசலில் இடது கையை நீட்டி உங்களுக்கு வாழ்த்துச் சொல்வாரே, அவர்தான் என் அப்பா. இடது கையை ஏன் நீட்டுகிறார் என்று புதிதாக வந்த பிள்ளைகள் சிலர் கேட்டிருக்கிறீர்கள். 2019 வரைக்கும் அவர் நம் பாடகர் குழுவுக்குத் தபேலா வாசித்தார்.

முப்பது ஆண்டுகள் துறைமுகத்துக்கு லாரி ஓட்டியவர். இரத்த அழுத்தம் இருந்தது. மாத்திரையைத் தலை வலித்தால் போடுவார், வலிக்காவிட்டால் விட்டுவிடுவார். அந்தச் செப்டம்பரில் ஒரு வாரமாக வானம் வெள்ளைத்துணி போர்த்தியது போல இருந்தது. எதிர்வீடு மங்கலாகத் தெரியும். அப்பா வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து, முகக்கவசம் இல்லாமல் வாசல் கூட்டி, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார். "எத்தனை புகை பார்த்திருக்கேன், லாரிப் புகைக்கு முன்னால இது என்ன?" என்பார்.

ஒரு நாள் இரவு வேலை முடிந்து நான் கிளம்பும் நேரம், காலை ஏழு மணிக்கு அப்பா ஃபோன் செய்தார். அம்மா என் அக்கா வீட்டுக்குப் போயிருந்தார். "அரை மணி நேரமா வலது கை மரத்துக் கிடக்கும்மா. கப்பைப் பிடிக்க முடியலை" என்றார்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கை மேல படுத்துத் தூங்கியிருப்பீங்கப்பா. சூடா கோப்பி குடிச்சிட்டுப் படுங்க. நான் வந்துடறேன்."

அன்று இரவு முழுக்க பக்கவாத நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தவள் நான். முன்பின் தெரியாத ஒருவர் அதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அடுத்த நொடியே 999-ஐ அழைக்கச் சொல்லியிருப்பேன். சொன்னது அப்பா. அப்பாவுக்கு ஒன்றும் ஆகாது என்று மனம் தானாக முடிவு செய்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்ப மனம் வரவில்லை. நானும் படுத்துவிட்டேன். மதியம் ஒரு மணிக்கு ஏதோ விழுந்த சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால் அப்பா கட்டிலுக்குக் கீழே. வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. என் பெயரைச் சொல்லப் பார்த்தார், வார்த்தை வரவில்லை.

அடைப்பைக் கரைக்கும் ஊசி ஒன்று இருக்கிறது. அறிகுறி தொடங்கி நான்கரை மணி நேரத்துக்குள் அதைப் போட வேண்டும். ஆம்புலன்ஸில் போய்ச் சேர்ந்தபோது மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?" ஆறரை என்று சொன்னேன். மணி அப்போது ஒன்றே முக்கால். அவர் மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை, எனக்கே தெரியும். கம்பி விட்டுக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கும் அப்பாவின் அடைப்பு ஏற்றதாக இல்லை. அடைத்திருந்தது சிறிய குழாய்.

பேச்சு பெரும்பாலும் திரும்ப வந்துவிட்டது. நடக்கிறார். வலது கை மட்டும் வரவில்லை. தபேலா எங்கள் வீட்டு அலமாரி மேல் துணி போர்த்தி இருக்கிறது.

புகைதான் காரணமா?

என்னிடம் பலர் இதைக் கேட்டிருக்கிறார்கள். உண்மையைச் சொன்னால், ஓர் ஆளைக் காட்டி இவருக்குப் புகையால்தான் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அப்பாவின் குடம் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தது: ஏறிய இரத்த அழுத்தம், விட்டுவிட்டுப் போட்ட மாத்திரை, வயது, முப்பது ஆண்டு டீசல் புகை. அந்த வாரம் காற்று அதில் இன்னொரு குவளை ஊற்றியிருக்கலாம். பக்கவாதத்துக்கு முதல் காரணம் இன்றும் உயர் இரத்த அழுத்தம்தான். 2019-இல் எடுத்த தேசியச் சுகாதார ஆய்வில் மலேசியாவில் பெரியவர்கள் பத்தில் மூன்று பேருக்கு அது இருந்தது. அதில் பாதிப்பேருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது. ஏற்கெனவே நிறைந்த குடம் வைத்திருப்பவர்களுக்குத்தான் புகை அதிகம் கெடுதி செய்யும். அப்படிப்பட்டவர்கள் நம் எல்லார் வீட்டிலும் இருக்கிறார்கள்.

இதை மனப்பாடம் செய்யுங்கள்

முகம்: சிரிக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கம் கோணுகிறதா?

கை: இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள். ஒன்று கீழே இறங்குகிறதா? மரத்துப்போனதா?

பேச்சு: ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லுங்கள். குளறுகிறதா? நீங்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லையா?

நேரம்: இதில் ஒன்று இருந்தாலும் உடனே 999. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். சில நிமிடத்தில் தானாகச் சரியாகிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், அது முன்னெச்சரிக்கை.

செய்யக் கூடாதவை: விரல் நுனியில் ஊசி குத்தி இரத்தம் எடுக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தச் செய்தி பொய். உடம்பு பிடித்துவிடுகிறவரிடம் கொண்டுபோகாதீர்கள். ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், இரத்தக் கசிவாக இருந்தால் அது உயிருக்கே ஆபத்து. தண்ணீர், கோப்பி எதுவும் வாயில் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாமல் நுரையீரலுக்குள் போய்விடும்.

வீட்டிலும் ஆலயத்திலும்

வெளியே போகுமுன் குறியீட்டைப் பாருங்கள். சுற்றுச்சூழல் துறை அதை மணிக்கு மணி வெளியிடுகிறது. அப்பா, அம்மா, தாத்தா, பாட்டிக்குக் கைப்பேசியில் பார்க்கக் கற்றுக்கொடுங்கள்.

புகை நாளில் சாதாரண அறுவை முகக்கவசம் போதாது. ஓரங்களில் காற்று உள்ளே வந்துவிடும். முகத்தோடு நன்றாகப் பொருந்தும் என்95 வேண்டும். மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுப் போடட்டும்.

கதவு, சன்னல்களை அடைத்துவிட்டு உள்ளே கொசுவர்த்திச் சுருள் கொளுத்தாதீர்கள். 2003-இல் வந்த ஓர் ஆய்வில் மலேசியச் சுருள்களையும் சீனச் சுருள்களையும் எரித்துப் பார்த்தார்கள். ஒரு சுருள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று வந்தது. கொசுவலை நல்லது. அன்றைக்கு எண்ணெய்ப் பலகாரம் பொரிப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

சிகரெட் பிடிக்கிறவர்கள், வேப் இழுக்கிறவர்கள் (யார் யார் என்று எனக்குத் தெரியும்) புகைமூட்டம் வர இந்தோனேசியாவைக் குறை சொல்ல வேண்டாம்.

வீட்டில் ஒரு பிபி கருவி வாங்கி வையுங்கள். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்பக் காட்டினால் அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். மாத்திரையை நாள்தோறும் போட்டார்களா என்று கேளுங்கள். திட்டாமல் கேளுங்கள். நான் திட்டித் திட்டியே அப்பா என்னிடம் பொய் சொல்லப் பழகியிருந்தார்.

ஃபுட்சால்?

தம்பி, உன் கேள்வியை மறக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறு ஏழு லிட்டர் காற்றை இழுக்கிறோம். ஓடி விளையாடும்போது அது பத்து மடங்காகலாம், அதுவும் வாய் வழியாக. மூக்கின் வடிகட்டி இல்லை. உனக்கு இந்த வயதில் பக்கவாதம் வருவது மிக அரிது. ஆனால் உன் இரத்தக் குழாய்ச் சுவர் இந்த வயதில்தான் கணக்கு எழுதத் தொடங்குகிறது.

பள்ளிகள் குறியீடு 100-ஐத் தாண்டினால் வெளிப்புற நடவடிக்கையை நிறுத்துகின்றன, 200-ஐத் தாண்டினால் மூடுகின்றன. நம் வாலிபர் சங்கமும் அந்த 100-ஐ வைத்துக்கொள்ளலாம் என்று செயலாளரிடம் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு ஃபுட்சாலுக்குப் பதிலாக இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு ஃபோன் செய்யுங்கள். "மாத்திரை போட்டீங்களா தாத்தா? வெளிய போகாதீங்க பாட்டி. கை கால் எல்லாம் நல்லா இருக்கா?" அவ்வளவு போதும். யாராவது கை மரத்திருக்கிறது என்றால், கோப்பி குடித்துவிட்டுப் படுங்கள் என்று சொல்லாதீர்கள். அதை ஏற்கெனவே ஒருத்தி சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வாசலில் அப்பாவைப் பார்த்தால் நீங்களும் இடது கையையே கொடுங்கள். வலது கையை நீட்டிவிட்டு மாற்றும்போது அவருக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறதாம்.

அன்புடன்,
உங்கள் அக்கா